சார்பு இருக்கட்டும், ரசீது எங்கே?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேற்பட்டவை செய்தி ஊடகங்களைப் பற்றியவை. தேர்தல் காலங்களில் இப்படி வருவது வழக்கம்தான் என்றாலும், இம்முறை கடிதங்களில் கோபத்தைவிடச் சலிப்பே மிகுந்திருக்கிறது. எனவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் தரப்படுகிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்: நான் மாணவனாக இருந்த காலத்தில் ஒரு விஷயம் பத்திரிகையில் அச்சாகிவிட்டால் அதற்கு மறுபேச்சே கிடையாது. இன்றோ என் பேரன், "தாத்தா, அது அந்தக் கட்சிக்காரர் பேப்பர்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறான். பத்திரிகைகளின் நடுநிலைமை எப்போது செத்தது?

ஐயா, அது எப்போது பிறந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' தேசிய இயக்கத்தின் குரலாக வளர்ந்தது. பெரியார் 1925-இல் தொடங்கிய 'குடிஅரசு' தன் கொள்கையை ஒருநாளும் மறைத்துக்கொண்டதில்லை. 1934-இல் வந்த 'தினமணி' சுதந்திரப் போராட்டத்தின் பக்கம் நின்றது. 1942-இல் துண்டறிக்கையாகத் தொடங்கிய 'முரசொலி' எந்தப் பக்கம் என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. இவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், நடுநிலையான ஒன்றை வாங்குவதாக நினைத்து வாங்கவில்லை. தங்களுக்குப் பிடித்த வழக்கறிஞரின் வாதத்தைக் கேட்கிறோம் என்று தெரிந்தே வாங்கினார்கள்.

அப்படிப்பட்ட பத்திரிகையிலும் உண்மை வரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் மிசா சட்டத்தில் கைதாகிக்கொண்டிருந்தார்கள். தணிக்கையின் காரணமாக அந்தக் கைதுச் செய்தியை அச்சிட முடியாது. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்றைய முரசொலியில், அண்ணா நினைவிடத்திற்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வெளியானது. அவர்கள் ஏன் வர இயலவில்லை என்பதற்கு எந்த வாசகருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. முழுக்க முழுக்கக் கட்சிச் சார்புள்ள ஒரு தாள், அந்த நாளில் தமிழ்நாட்டின் மிக முக்கியமான செய்தியைப் பிழையின்றித் தந்தது.

ஆகவே, தங்கள் பேரன் 'கட்சிக்காரர் பேப்பர்' என்று சொல்வதில் தவறு காண மாட்டேன். அதை அவன் எங்கிருந்து தெரிந்துகொண்டான் என்பதைக் கேட்டுப்பாருங்கள். முரசொலி வாசகருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்திருந்தது. இன்றைய வாசகரோ, உரிமையாளர் யார், அவருக்குப் பொறியியல் கல்லூரி உண்டா, குவாரி உண்டா, எந்த அமைச்சருக்குச் சம்பந்தி என்றெல்லாம் டீக்கடையில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முகப்பில் 'நடுநிலை' என்று எழுதிக்கொண்டு உள்ளே வேறொன்றைச் செய்யும்போதுதான் நம்பிக்கை போகிறது.

குடும்பத்தலைவி, மதுரை: ஒரே சம்பவத்தை இரண்டு தொலைக்காட்சிகளில் பார்த்தால் இரண்டு வேறு ஊர்களில் நடந்ததைப் போல் இருக்கிறது. இது எங்கள் ஊரில் மட்டும்தானா?

அம்மா, இந்த வித்தையைத் தமிழ்நாடு நாடே வியக்கும் அளவுக்கு வளர்த்தெடுத்தது. சன் டிவி 1993-இலும், ஜெயா டிவி 1999-இலும் வந்தன. 2001 ஜூன் 30 பின்னிரவில் மு. கருணாநிதி கைது செய்யப்பட்டபோது, காவலர்கள் அவரை இழுத்துச் செல்வதையும் அவர் அலறுவதையும் சன் டிவி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ஜெயா டிவியிலோ, உடனிருந்த மத்திய அமைச்சர்கள் காவலர்களோடு மல்லுக்கட்டுவதாகச் சொல்லப்பட்ட காட்சிகள் ஓடின. இரண்டு இடத்திலும் கேமரா பொய் சொல்லவில்லை. எந்த நிமிடத்தைக் காட்டுவது, எந்த நிமிடத்தை வெட்டுவது என்பதில்தான் அரசியல் இருந்தது. அதற்குப் பிறகு மக்கள் தொலைக்காட்சி, கலைஞர் தொலைக்காட்சி, கேப்டன் தொலைக்காட்சி, நியூஸ் ஜெ என்று ஏறக்குறைய ஒவ்வொரு கட்சிக்கும் ஓர் அலைவரிசை வந்துவிட்டது.

தாங்கள் மதுரையிலிருந்து எழுதுவதால் 2007 மே 9-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை, அவருடைய உறவினர்களான மாறன் குடும்பத்தாரின் 'தினகரன்' வெளியிட்டதை அடுத்து, அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டதில் ஊழியர்கள் மூவர் உயிரிழந்தார்கள். அதுவரை ஒரே குடும்பத்தின் குரலாக ஒலித்த ஊடகங்கள் ஒரே நாளில் எதிரெதிர் ஆயின. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அரசு கேபிள் நிறுவனமும் அந்த ஆண்டில்தான் உருவானது. 2008 டிசம்பரில் இரு குடும்பங்களும் சமாதானமாயின. வழக்கு மட்டும் தன் போக்கில் நடந்து, 2009-இல் விசாரணை நீதிமன்றம் அனைவரையும் விடுவித்து, 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. செய்தியின் சூடு ஏறுவதும் இறங்குவதும் செத்தவர்களைப் பொறுத்து அமைவதில்லை, உறவுகளைப் பொறுத்து அமைகிறது என்பதைத் தமிழ்நாட்டு நேயர்கள் அந்த ஒன்றரை ஆண்டில் பாடமாகப் படித்தார்கள்.

அரசியல் கட்சிகள் ஒளிபரப்புத் துறையில் இருக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2014 ஆகஸ்டில் தந்தது உட்படப் பலமுறை பரிந்துரைத்திருக்கிறது. சட்டமாகவில்லை. சட்டம் இயற்றவேண்டியவர்களிடமே அலைவரிசைகள் இருக்கும்போது இது எப்படி நடக்கும் என்ற துணைக்கேள்வியைத் தாங்கள் கேட்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்: 'பெய்டு நியூஸ்' என்று எங்கள் வகுப்பில் ஒரு பாடம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவது என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். உண்மையில் அது எப்படி நடக்கிறது? பிடிபட்டவர் யாராவது உண்டா?

ஒரு வரியில் முடிகிற விஷயமில்லை என்பதால், மகாராஷ்டிரத்தில் 2009 அக்டோபரில் நடந்த சட்டமன்றத் தேர்தலிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தேர்தலின்போது மூன்று மராத்தி நாளிதழ்களில், அன்றைய முதல்வர் அசோக் சவாணின் இளமையையும் சுறுசுறுப்பையும் போற்றும் கட்டுரை ஒன்று வந்தது. மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிடும் பத்திரிகைகள். ஆனால் கட்டுரை ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒன்றேதான். எதிலும் 'விளம்பரம்' என்ற குறிப்பு இல்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்தப் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்து, பிறகு சவாண் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த செலவுக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். பத்திரிகை விளம்பரத்துக்குச் செலவிட்டதாக அதில் காட்டப்பட்டிருந்த தொகை 5,379 ரூபாய். முழுப்பக்கம் முழுப்பக்கமாக வந்த புகழுரைகளுக்கும் இந்தத் தொகைக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் செய்தி. அதை அவர் அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் 'தி இந்து' ஆங்கில நாளிதழில் எழுதினார்.

இயங்கும் விதம் எளியது. வேட்பாளரிடம் ஒரு 'பேக்கேஜ்' பேசப்படும். பிரசாரக் கூட்டச் செய்தி இத்தனை, பேட்டி இத்தனை, 'தொகுதியில் அலை வீசுகிறது' என்ற களநிலவரம் இத்தனை என்று விலை உண்டு. எதிர்வேட்பாளரைப் பற்றி எதுவும் வராமலிருக்கவும் விலை உண்டு. பணம் ரொக்கமாகக் கைமாறும். ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் பத்திரிகைக்கு வரி இல்லை. வேட்பாளருக்குச் செலவுக் கணக்கு இல்லை. அந்தத் தேர்தலில் பெரிய மாநிலங்களில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் சட்டப்படி செலவிடக்கூடிய உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ரசீது இல்லாமையின் மதிப்பு விளங்கும். விளம்பரம் என்று தெரிந்தால் வாசகர் அதற்குரிய தள்ளுபடி கொடுத்துப் படிப்பார். நிருபரின் பெயரோடு செய்தியின் எழுத்துருவிலேயே வந்துவிட்டால் தள்ளுபடிக்கு வழியில்லை. விற்கப்படும் சரக்கு இடமன்று, அந்தத் தள்ளுபடியின்மைதான்.

இந்தியப் பத்திரிகை கவுன்சில் இதை விசாரிக்க பரஞ்ஜாய் குகா தாகூர்த்தா, கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டி ஆகிய இருவரைக் கொண்ட குழுவை அமைத்தது. அவர்கள் பத்திரிகைகளின் பெயர்களைக் குறிப்பிட்டு 71 பக்க அறிக்கை தந்தார்கள். 2010 ஜூலையில் கவுன்சில் வெளியிட்டதோ பெயர்கள் நீக்கப்பட்ட சுருக்கம். கவுன்சிலில் பத்திரிகை உரிமையாளர்களின் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள் என்பதை அறிந்தால் இது வியப்பளிக்காது. முழு அறிக்கையும் மக்கள் கண்ணுக்கு வர, மத்தியத் தகவல் ஆணையம் 2011-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. ஊழலை அம்பலப்படுத்தும் தொழிலின் ஊழலை அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேவைப்பட்டது.

பிடிபட்டவர் உண்டா என்று கேட்டீர்கள். உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் 2007-இல் வென்ற உம்லேஷ் யாதவ், இரண்டு இந்தி நாளிதழ்களில் தமக்குச் சாதகமாகச் செய்தி வடிவில் வந்த விளம்பரங்களின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று தேர்தல் ஆணையம் 2011 அக்டோபரில் முடிவுசெய்து, அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. பெய்டு நியூஸுக்காகப் பதவியிழந்த முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். புகார் கொடுத்தவர் தோற்றுப்போன எதிர்வேட்பாளர். சவாண் வழக்கில் தேர்தல் ஆணையம் 2014 ஜூலையில் அவருக்கு எதிராக முடிவெடுத்தபோதிலும், அதே ஆண்டு செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்துவிட்டது. அதாவது, வேட்பாளர் தரப்பில் ஓரிருவராவது கூண்டேறினார்கள். பணம் வாங்கிய தரப்பில் அச்சகத்தின் ஒரு நாள் ஓட்டம்கூட நிற்கவில்லை.

பாடத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வியாதி தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் வருவதன்று. நம் மாவட்டங்களில் பகுதிநேர நிருபர் பலருக்கு முறையான சம்பளம் இல்லை; செய்திக்கு இவ்வளவு என்ற சிறுதொகையும், பிடித்துத் தரும் விளம்பரத்தில் கமிஷனும்தான் வருமானம். தீபாவளி மலருக்கும் பொங்கல் மலருக்கும் இலக்கு வைத்துவிடுவார்கள். பேரூராட்சித் தலைவரின் வாழ்த்து விளம்பரத்துக்காக அக்டோபரில் அவர் வீட்டு வாசலில் நின்ற அதே மனிதர்தான், நவம்பர் மழையில் சாக்கடை பொங்கிய செய்தியையும் எழுதவேண்டும். 'பொதுமக்கள் அவதி' என்று தலைப்பு வரும்; தூர்வாரும் ஒப்பந்தம் யாருக்குப் போனது என்ற வரி வராது. அந்த நிருபரைக் குறைசொல்லி என்ன பயன்? அவருடைய விசிட்டிங் கார்டில் 'நிருபர்' என்று மட்டும் அச்சிட்டுக்கொடுத்த நிர்வாகத்தைக் கேட்கவேண்டும்.

வங்கி ஊழியர், திருநெல்வேலி: நம்பிக்கை குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அளந்து பார்த்தவர் உண்டா?

அமெரிக்காவில் கேலப் நிறுவனம் அரை நூற்றாண்டாக அளந்துவருகிறது. 1976-இல் ஊடகங்களை ஓரளவுக்காவது நம்புவதாகச் சொன்னவர்கள் 72 சதவீதம். 2024-இல் 31 சதவீதம். ஆனால் 2024-இன் கணக்கைப் பிரித்துப்பார்த்தால் ஜனநாயகக் கட்சியினரில் 54 சதவீதமும் குடியரசுக் கட்சியினரில் 12 சதவீதமும் நம்புகிறார்கள். ஒரே செய்திகள்தான், நம்பிக்கை மட்டும் கட்சிக்குத் தக்கபடி இருக்கிறது. ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் ஆண்டுதோறும் எடுக்கும் கணிப்பில் பின்லாந்து மூன்றில் இருபங்கு நம்பிக்கையோடு முன்வரிசையில் நிற்கிறது. இந்தியாவையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். எனினும் இங்கே அவர்கள் கேட்பது பெரும்பாலும் இணையத்தில் உள்ள, ஆங்கிலம் அறிந்தவர்களை. டீக்கடையில் தாளைப் பங்குபோட்டுப் படிப்பவரின் மனத்தை அந்த எண் சொல்லாது என்பதால் அதை இங்கே தரவில்லை.

மளிகை வியாபாரி, சேலம்: பிடிக்கவில்லை என்றால் பேப்பரை நிறுத்திவிடலாமே! வாசகர் நிறுத்தினால் அவர்கள் திருந்த மாட்டார்களா?

ஒரு நகரமே நிறுத்திப் பார்த்திருக்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்தாட்டம் பார்க்கவந்த லிவர்பூல் ரசிகர்கள் கூட்ட நெரிசலில் நசுங்கினார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை பிற்காலத்தில் 97 ஆனது. நான்கு நாள் கழித்து 'தி சன்' நாளிதழ், 'உண்மை' என்று பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் தலைப்பிட்டு, ரசிகர்கள் பிணங்களின் பையில் கைவிட்டுத் திருடினார்கள், உதவவந்த காவலர்களைத் தாக்கினார்கள் என்று எழுதியது. தகவல் வந்த வழி, காவல்துறையினரும் உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் சொன்னதாக ஒரு செய்தி முகமை அனுப்பிய குறிப்பு. மைதானத்தில் இருந்த ஆயிரக்கணக்கான ரசிகர்களைக் கேட்டுச் சரிபார்க்கும் பொறுமை இல்லை. லிவர்பூல் அந்தப் பத்திரிகையை வாங்குவதை நிறுத்தியது. கடைக்காரர்கள் பலர் விற்பதையே விட்டார்கள். 2012 செப்டம்பரில் சுயேச்சைக் குழுவின் அறிக்கை அந்தக் குற்றச்சாட்டுகள் பொய் என்று காட்டிய பிறகுதான், 23 ஆண்டு கழித்து, பத்திரிகை முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. 2016-இல் மரண விசாரணையின் நடுவர் குழுவும் ரசிகர்கள் மீது தவறில்லை என்று தீர்ப்பளித்தது. புறக்கணிப்பு இன்றும் தொடர்கிறது. இருந்தும், அந்த இருபத்து மூன்று ஆண்டுகளிலும் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற நாளிதழ்களில் ஒன்றாகவே 'தி சன்' இருந்தது. நகரம் தன் மானத்தைக் காத்துக்கொண்டது, பத்திரிகையை வீழ்த்தவில்லை.

இந்தியாவில் தங்கள் ஆயுதம் இன்னும் மொட்டை. பல பக்க நாளிதழுக்குத் தாங்கள் தரும் விலை அதன் உற்பத்திச் செலவுக்கே போதாது. மீதியைத் தருபவர் விளம்பரதாரர். அவர்களில் பெரியவர் அரசாங்கம். மாநிலத்தில் செய்தி மக்கள் தொடர்புத் துறையும், மத்தியில் மக்கள் தொடர்பகமும் விளம்பரத்தை நிறுத்தினால் ஏற்படும் வலி, சேலத்தில் ஆயிரம் பேர் சந்தாவை நிறுத்தினாலும் ஏற்படாது.

ஹில்ஸ்பரோவில் நடந்த தவறு நமக்குப் புதிதும் அன்று. குற்றச் செய்திகளைப் பாருங்கள்: 'போலீசார் கூறியதாவது' என்று தொடங்கி, அதிலேயே முடிந்துவிடும். தேடப்பட்டவர் பிடிபட்டார், தப்ப முயன்றபோது வழுக்கி விழுந்தார், கையில் மாவுக்கட்டு என்று எத்தனை முறை படித்திருக்கிறோம்? எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும், படத்தில் கட்டோடு நிற்பவருக்கு மிக நன்றாகத் தெரியும். மருத்துவர் என்ன சொன்னார், குடும்பத்தார் என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்டு எழுதுவதில்லை. கட்சிச் சார்பைப் பற்றி இத்தனை கடிதம் எழுதும் நாம், காவல்நிலையத்தின் பக்கம் சாய்ந்த இந்தச் சார்பைச் சார்பென்றே கருதுவதில்லை. சமயங்களில் சிரித்து ரசிக்கவும் செய்கிறோம்.

ஆட்டோ ஓட்டுநர், வேலூர்: பேப்பரும் டிவியும் வேண்டாம் என்று யூடியூப் சேனல்களைப் பார்க்கிறேன். நம்பலாமா?

நம்பத்தக்கவை சில உண்டு. சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அச்சுப் பத்திரிகை ஒவ்வோர் இதழிலும் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைப் போட்டாகவேண்டும். மார்ச் மாதத் தொடக்கத்தில் 'படிவம் 4' என்று சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பங்குதாரர்களின் பெயரையும் சொல்வது நெடுநாள் வழக்கமாக இருந்துவந்தது. தாங்கள் பார்க்கும் சேனலில் ஆசிரியர் பெயர், முகவரி, தவறாகச் சொன்னதைத் திருத்திய வீடியோ ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், அதைச் செய்தியாகப் பார்க்காமல் பேச்சாகக் கேளுங்கள்.

வழக்கறிஞர், நாகர்கோவில்: தவறான செய்தி வந்தால் எங்கே முறையிடுவது என்று பலரும் என்னையே கேட்கிறார்கள். தங்கள் பத்திரிகையில் வந்தாலும் சேர்த்துத்தான்.

சேர்த்தே சொல்கிறேன். அச்சில் வந்ததாக இருந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுத்துமூலம் எழுதவேண்டும். பதில் நிறைவளிக்காவிட்டால் புது தில்லியில் உள்ள இந்தியப் பத்திரிகை கவுன்சிலிடம், 1978-ஆம் ஆண்டின் சட்டப்படி புகார் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. இதைச் சொல்வதற்குத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம்; அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. தொலைக்காட்சி அதன் எல்லைக்குள் வராது. அதற்கு முதலில் அந்த அலைவரிசைக்கும், பிறகு அது உறுப்பினராக உள்ள தன்னொழுங்கு அமைப்புக்கும் எழுதவேண்டும். பத்திரிகை கவுன்சிலைப் பொறுத்தவரை, நாளிதழிலோ வார இதழிலோ வந்த செய்தி என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள், மற்ற இதழ்கள் என்றால் நான்கு மாதத்துக்குள் புகார் போய்ச் சேரவேண்டும். செய்தியின் நறுக்கு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், வந்திருந்தால் அவருடைய பதில் ஆகிய மூன்றையும் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.